டிரெய்லரை ஊட்டிக்கு இழுக்கப் போகிறீர்களா?

கோவை நண்பர் ஒருவரின் மகன் ஒரு கேம்பர் டிரெய்லர் கட்டியிருக்கிறான். படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு எல்லாம் சேர்ந்து ஆயிரம் கிலோவைத் தொட்டுவிட்டதாம். ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊட்டிக்கு வரப் போகிறான். நான் குன்னூர்க்காரன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டான்.

"மாமா, வெளிநாட்டுல இருந்து வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வரவழைக்கலாம்னு இருக்கனுங்க. ஸ்வே கண்ட்ரோலும் அதோட சேர்ந்தே வருது. அது இருந்தா காட் ரோட்டுல பயமில்லைங்களே?"

"எந்தப் பயத்துக்கு அதைச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குப்பா" என்றேன்.

போனில் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்தக் கருவிகளைத் தேடுகிறவர்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். அந்த வீடியோக்களில் வரும் சாலையும் பர்லியாருக்கு மேலே நாம் ஏறும் சாலையும் வேறு வேறு.

முதலில் முன்பாரம். மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். மூட்டைகளை அச்சுக்கு முன்னால் சற்றுத் தூக்கலாக அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் நிதானமாக உட்காரும். அளவு மீறினால் மாடு தலை தொங்கிவிடும். பாரம் பின்னால் போய்விட்டாலோ வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால்தான் ஏற்றத்தில் வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் போவார்.

ஒற்றை அச்சு டிரெய்லருக்கும் இதே கணக்குதான். மாட்டுக் கழுத்து இருந்த இடத்தில் வண்டியின் கொக்கி இருக்கிறது. டிரெய்லர் எடையில் 100-க்கு 10 முதல் 15 வரை கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாக வைப்பார்கள், இழுக்கும் வேகத்தையும் குறைவாகவே வைப்பார்கள். நம் பையனின் டிரெய்லர் 1,000 கிலோ என்றால் 120 கிலோ முன்பாரம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 120 கிலோ ஜீப்பை என்ன செய்கிறது? கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.7 மீட்டர். பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டால் முன்சக்கரங்களிலிருந்து 53 கிலோ கழன்றுவிடும். பின் அச்சு 120 கிலோவோடு அந்த 53-ஐயும் சேர்த்து 173 கிலோவைச் சுமக்கும். வண்டியின் பிட்டம் தாழ்கிறது, மூக்கு நிமிர்கிறது. ஸ்டியரிங் லேசாகிவிடும். முன் பிரேக்கின் பிடி குறையும். ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். கொக்கித் தலையின் அடியிலிருந்து இரண்டு கனமான ஸ்பிரிங் கம்பிகள் பின்னோக்கி நீண்டு, டிரெய்லரின் முக்கோணச் சட்டத்தில் சங்கிலியாலோ தாங்கியாலோ இழுத்துக் கட்டப்படும். கடப்பாரையை ஒரு கல்லின் அடியில் செருகி மறுமுனையை நெம்பும்போது என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும். இரண்டு வண்டிகளும் சேரும் இடத்தில் மூட்டு தொய்யாதபடி கம்பிகள் நெம்பிப் பிடிக்கின்றன. கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு 3 மீட்டர் தள்ளியிருந்து, முன்சக்கரம் இழந்த 53 கிலோவை முழுதாகத் திருப்பும் அளவுக்குக் கம்பியை இறுக்கினால், பின் அச்சின் கூடுதல் சுமை 173-லிருந்து 86 கிலோவாக இறங்கும். மிச்சம் 34 கிலோ டிரெய்லரின் அச்சுக்கே திரும்பிப் போகும். 86-ம் 34-ம் சேர்ந்தால் அதே 120. ஒரு கிலோகூட எங்கும் மறையவில்லை. ஹிட்ச் போட்டுவிட்டால் அதிக எடை இழுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் இந்தக் கூட்டலை அவரிடம் காட்டுங்கள். முழுதாகத் திருப்ப வேண்டியதுகூட இல்லை, ஒரு பகுதி திரும்பினாலே போதும் என்றுதான் பல தயாரிப்பாளர்கள் இப்போது கையேட்டில் எழுதுகிறார்கள்.

அடுத்தது ஆட்டம். ஸ்வே என்று அவர்கள் சொல்வது டிரெய்லர் இடமும் வலமுமாக அலைவதை. பக்கவாட்டுக் காற்று, முந்திக்கொண்டு போகும் பெரிய பஸ், சட்டென்று ஒடித்த ஸ்டியரிங், இவற்றில் ஏதாவது ஒன்று தொடங்கி வைக்கும். மெதுவாகப் போனால் அந்த அலைவு இரண்டு மூன்று வீச்சில் தானாக அடங்கிவிடும். வேகம் ஏற ஏற அடங்க நேரம் பிடிக்கும். ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு வேகம் உண்டு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் முன்வண்டியையே சுழற்றிப் போட்டுவிடும். பாரம் பின்னால் இருந்தால் அந்த எல்லை வேகம் பயங்கரமாகக் குறைந்துவிடும். முன்பாரம் சரியாக இருந்தால் பாதி நோய் அங்கேயே தீர்ந்தது. மீதிக்குத்தான் ஸ்வே கண்ட்ரோல். எளிய வகையில், கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான பட்டை பிரேக் கட்டை போன்ற பிடிக்குள் உரசிக்கொண்டே நகரும். டிரெய்லர் திரும்ப முயலும்போதெல்லாம் அந்த உரசல் தடுக்கும். இன்னொரு வகையில் ஸ்பிரிங் கம்பிகளின் முனையே ஒரு குழிவில் அமர்ந்து, டிரெய்லரை நேராக இருக்கச் சொல்லி வற்புறுத்தும். இப்போது சில கார்களில் கணினியே ஆட்டத்தை உணர்ந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்து அடக்குகிறது.

இதெல்லாம் நல்ல கருவிகள்தான். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும்போது, பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் சுழல்கிற வெட்டவெளியில் உயரமான கேம்பர் டிரெய்லரை 80 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கிறவருக்கு இவை வேண்டும். சேலம் நாலுவழிச் சாலையில் போகிறவருக்கும் வேண்டும். ஒருவேளை ஆட்டம் பிடித்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்ப்பக்கம் ஒடித்து விளையாடாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், வண்டியின் பிரேக்கைப் போட்டு மிதிக்காதீர்கள். டிரெய்லருக்குத் தனிக் கை பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்ல இழுங்கள். பின்னாலிருந்து பிடித்து இழுத்தால் டிரெய்லர் நேராகும்.

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்து ஏறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், வேகம் 20, மிஞ்சினால் 30. இந்த வேகத்தில் முன்பாரம் சரியாக இருக்கிற டிரெய்லர் ஆடாது. அதே நேரத்தில் அந்தக் கருவிகள் இங்கே சங்கடம் கொடுக்கத் தொடங்கும். கொண்டை ஊசியில் வண்டியும் டிரெய்லரும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் மடங்குகின்றன. உரசும் பட்டை வகை ஸ்வே கண்ட்ரோலை இறுக்கமான வளைவுக்கும் ரிவர்ஸுக்கும் முன்னால் கழற்றச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பட்டை வளைந்துவிடும். ஈரச் சாலையில் அதைத் தளர்த்தி வைக்கச் சொல்கிற தயாரிப்பாளர்களும் உண்டு. எங்கள் மலையில் மழையோ மூடுபனியோ இல்லாத நாளை நம்பி நீங்கள் கிளம்ப முடியாது.

ஸ்பிரிங் கம்பிக்கும் சிக்கல். வளைவின் உட்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு. ஜீப் ஒரு தளத்தில் நிற்கும், டிரெய்லர் இன்னொரு தளத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் கம்பி இணைப்பை இறுக்கிப் பிடித்தால் ஜீப்பின் பின்சக்கரம் லேசாகும். அந்தச் சக்கரம்தான் உங்களை மேலே தள்ள வேண்டும். வழுக்கும் வளைவில் பின்சக்கரம் சும்மா சுற்றினால் பின்னால் இருக்கிற பஸ்காரர் ஹாரன் அடிப்பதோடு முடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, டிரெய்லர் வளைவை உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஜீப் போன தடத்தில் அது வராது. உட்பக்கச் சக்கரம் சாலையோர வடிகாலில் இறங்கும். அதைத் தவிர்க்க வெளியே அகலமாக எடுத்தால் எதிர்ச் சாரியை முழுவதும் பிடித்துக்கொள்வீர்கள். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலை வழக்கம். ஆனால் சனிக்கிழமை காலையில் வாடகைக் காரில் இறங்குகிற எல்லாருக்கும் அது தெரியும் என்று நினைக்காதீர்கள்.

ஏறுவதைப் பற்றிப் பேசி இவ்வளவு இடத்தைச் செலவழித்துவிட்டேன். ஆபத்து இறக்கத்தில்தான். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,203 மீட்டர். இடையே 1,877 மீட்டர். ஆயிரம் கிலோ டிரெய்லர் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் சுமார் 18 மெகாஜூல். குழாயில் பிடித்த தண்ணீரில் கிட்டத்தட்ட 60 லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். மீதி எங்கே போகும்? இன்ஜினுக்குள் போக வேண்டும், அதாவது சின்ன கியரில் இறங்க வேண்டும். இன்ஜினுக்குப் போகாததெல்லாம் பிரேக் டிரம்முக்குள் சூடாகப் போய்ச் சேரும். டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லையென்றால் அதன் பங்கும் ஜீப்பின் தலையில்தான். ஸ்பிரிங் கம்பியோ ஸ்வே பட்டையோ இந்த 18-இல் ஒன்றைக்கூட வாங்கிக்கொள்ளாது.

டிரெய்லர் பிரேக்கிலும் இரண்டு வகை. ஓவர்ரன் பிரேக் என்பது, டிரெய்லர் முன்வண்டியை முட்டுகிற விசையிலேயே வேலை செய்வது. சமவெளியில் அருமையானது, ஒயர்கூட வேண்டாம். நீளமான இறக்கத்தில் நீங்கள் இன்ஜினில் பிடித்து இறங்கும்போது டிரெய்லர் முட்டிக்கொண்டே இருக்கும், அதனால் அதன் பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும். குன்னூரிலிருந்து பர்லியார் வருவதற்குள் டிரம் புகையும். மின்சார பிரேக்கில் பிடிப்பதும் விடுவதும் உங்கள் கையில் இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான், செலவு கூடுதலானாலும்.

இந்த விஷயத்தில் எங்கள் மலை ரயிலைக் கட்டியவர்கள் எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டது, 1908-இல் ஊட்டி வரை நீண்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். நடுவில் பல்தண்டவாளம், இன்ஜினின் அடியில் பல்சக்கரம். பயணிகள் முன்னால் இன்ஜினைத் தேடுவார்கள், அது பின்னால் நிற்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் இன்ஜின் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜின் மேலேதான் சாயும், தனியாக உருண்டு ஓடாது. அதுவும் போதாதென்று ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது இந்த ரயிலை. வெள்ளைப் புகையைப் படம் எடுக்கிறவர்கள் அந்தப் பிரேக்ஸ்மேனையும் ஒரு படம் எடுக்கலாம்.

டிரெய்லர்காரருக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஏறும்போது உங்கள் பாரம் பள்ளத்துப் பக்கம் ஒரே கொக்கியில் தொங்குகிறது. ஆகவே கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போட்ட இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் அலங்காரத்துக்கு இல்லை. இறங்கும்போது வண்டி கீழே, பாரம் மேலே. ரயிலைப் போலவே சரியான வரிசைதான். ஆனால் ரயில் பெட்டியைத் தண்டவாளம் நேராகப் பிடித்திருக்கிறது. தார்ச்சாலையில் மூட்டு மடங்கும். வளைவில் ஜீப்பை மட்டும் அழுத்திப் பிரேக் பிடித்தால், பின்னாலிருந்து வரும் ஆயிரம் கிலோ ஜீப்பின் பிட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளி மடக்கிவிடும். வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக் இல்லாமல் உருள வேண்டும்.

கேம்பர் டிரெய்லர் எங்கள் ஊருக்கு எப்போதாவது வரும் விருந்தாளி. தினமும் இங்கே இழுபடுவது டிராக்டர் டிரெய்லர். பச்சைத் தேயிலை, உரமூட்டை, ஃபாக்டரி அடுப்புக்கு விறகு. இதில் கொழுந்து ஏற்றிய டிரெய்லர் தொந்தரவு செய்யாது. அழுத்தி அடைத்தால் இலை சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் எடை குறைவு. விறகுதான் வில்லன். நீளக் கட்டைகள் பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டு வரும். அத்தனையும் பின்பாரம். ஏற்றத்தில் அது இன்னும் மோசமாகும். பாரத்தின் மையம் கொக்கி மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், 100-க்கு 8 ஏற்றத்தில் அந்த மையம் 8 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்ததற்குச் சமம். இரண்டு டன் விறகு, கொக்கியிலிருந்து அச்சு 3 மீட்டர் என்றால் 50 கிலோவுக்கு மேல் முன்பாரம் காணாமல் போகும். டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடி கொடுத்துக்கொண்டிருந்த எடை அது. சக்கரம் சறுக்குகிறதே என்று கொக்கியை உயர்த்தி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பின் அச்சுக்கு மேலான உயரத்தில் சங்கிலியையோ கொக்கியையோ மாட்டி ஏற்றத்தில் இழுத்தால் டிராக்டர் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும். கட்ட வேண்டிய இடம் கீழே இருக்கிற டிராபார் மட்டும்தான்.

டிராக்டரில் வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதி உண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்கான ஏற்பாடு அது. ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட வேண்டும். அதை மறந்துவிட்டு இறக்கத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும், பின்னால் டிரெய்லர் தள்ளும். மடங்குவதற்கு வேறெதுவும் தேவையில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களைப் பற்றி எழுதக்கூட எனக்குப் பொறுமையில்லை.

சரி, பையனுக்குப் பதில். ஊட்டிக்கு வரலாம்ப்பா. செலவை இந்த வரிசையில் செய்: முதலில் டிரெய்லருக்கு மின்சார பிரேக், பிறகு நல்ல டயர், பாதுகாப்புச் சங்கிலி, பின் விளக்குகள். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக ஏற்று. எங்கள் ஊரில் தண்ணீர் கிடைக்கும், அங்கிருந்து சுமந்துகொண்டு வராதே. கனமான சாமான்களை அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலேயும் தாழ்வாக வை. கிளம்பும் முன் முன்பாரத்தை எடை பார்த்துவிடு. இதற்குப் பிறகும் ஜீப்பின் மூக்கு நிமிர்ந்திருந்தால் ஸ்பிரிங் கம்பி வாங்கு. கம்பியையும் கொக்கியையும் தாங்குவதாக உன் ஜீப்பின் கையேடும் சொல்ல வேண்டும். ஸ்வே பட்டையை மேட்டுப்பாளையத்தில் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடு, திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம்.

சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். எந்த வழியில் இறங்கினாலும், ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு. குஞ்சப்பனையிலோ பர்லியாரிலோ நிறுத்தி டிரம் சூட்டைப் பார். தொடாதே, கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பு. சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றாதே, டிரம் வெடிப்பு விடும். மசினகுடிக்குப் போகும் ஆசை இருந்தால் கல்லட்டி வழியை மறந்துவிடு. 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். வெறும் காருக்கே வெளியூர்க்காரர்களை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றிப் போ.

எஸ்டேட்காரர்களுக்கும் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மோட்டார் வாகனச் சட்டம் 61-ஆம் பிரிவின்படி இழுக்கும் வண்டியின் பதிவு எண் டிரெய்லரிலும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எழுதப் பெயிண்டரைக் கூப்பிடும் அதே நாளில் டிரெய்லரின் பின்பக்கம் முழு அகலத்துக்குச் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கரையும் ஒட்டிவிடுங்கள். கேத்தி, லவ்டேல் பக்கம் மாலை நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் விறகு டிரெய்லர் பைக்கில் வருகிறவருக்குப் பத்தடிக்கு முன்னால்தான் தெரிகிறது.